பதினோரு குழிகள்

பெரம்பலூர்,
10-3-1980

பாலு ஸ்டுடியோ உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அங்கமுத்து. இங்கே ஒரு உயர்நிலைப்பள்ளியில் சோதனைக்கூட உதவியாளராக இருக்கிறேன். போன மாதம் 23ஆம் தேதி உங்கள் கடைக்கு வந்து ஒரு பிலிமைக் கொடுத்து, அதில் ஒரு படத்தை மட்டும் பன்னிரண்டுக்குப் பதினைந்தாகப் பெரிதாக்கச் சொன்னேன். நிலாவின் படம். உங்களுக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணப் படமா? பொண்ணு எங்கங்க?" என்று கேட்டீர்கள்.

அந்தப் படத்தை எடுத்த தொலைநோக்கி நானே செய்தது. அதன் கண்ணாடியை எட்டு மாதம், ஒரு தார் டிரம்மின் மேல் வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தே தேய்த்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில் அது நிற்கும். போன மாதச் சூரிய கிரகணம் முடிந்த ஆறாம் நாள், வளர்பிறைச் சப்தமி, விளக்கு வைக்கிற நேரத்தில் கேமராவை அதன் கண்ணில் பொருத்தி எடுத்தேன். எங்கள் தலைமையாசிரியர் நடராசன் சார்தான் உங்களிடம் போகச் சொன்னார். "பெருசு பண்ணணும்னா அரியலூரு பாலசுந்தரந்தான்டா. எங்க வூட்டுக் கல்யாணப் படமெல்லாம் அவருதான்" என்றார்.

படம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சரியாகப் பார்க்காமலே சட்டம் போட்டு எட்டாம் தேதி திருச்சியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பரிசுக்குப் பார்வையிட வந்த கல்லூரிப் பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சாந்தக் கடல் என்று நிலாவில் ஒரு பெரிய சமவெளி உண்டு. அதன் நடுவே பெஸ்ஸல் என்று ஒற்றைக் குழி. "எங்கப்பா பெஸ்ஸல்?" என்றார். நானும் தேடினேன். இல்லை. அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. "பிளாஸ்டர்ல பொம்மை செஞ்சு படம் புடிச்சிருக்கே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இருநூறு பிள்ளைகள் நிற்கிறார்கள். நடராசன் சார் பக்கத்திலேயே நிற்கிறார்.

இன்று காலை எனக்கு மெமோ. பொய்ப் படத்தைப் பள்ளியின் பெயரால் வைத்ததற்கு 31ஆம் தேதிக்குள் விளக்கம் தர வேண்டும். தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு கொடுத்தது பள்ளிச் சோதனைக்கூட மருந்தில் என்பது காரணம்.

ஐயா, அந்தக் குழியை நான் அன்று என் கண்ணால் பார்த்தேன். கேமராவும் பார்த்தது. அதற்கு அப்புறம் அது எங்கே போயிற்று? தயவுசெய்து உடனே எழுதுங்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

இப்படிக்கு,
அங்கமுத்து

---

அரியலூர்,
13-3-1980

ஐயா,

அண்ணன் ஆண்டிமடத்துக்கு ஒரு கல்யாணம் எடுக்கப் போயிருக்கிறார். தபால் வருகிற நேரத்தில் கடையில் நான்தான் இருப்பேன். உங்கள் கடிதத்தைப் பிரித்தது நான். நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் உங்கள் குழியை அடைத்ததும் நான்தான்.

நான் பாலசுந்தரத்தின் தங்கை லீலாவதி. ஒன்பது வருடமாக இங்கே டச்சிங் வேலை பார்க்கிறேன். முகத்தில் அம்மைத் தழும்பு, பரு, வெட்டுக்காயம் இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறிய புள்ளியாகத் தெரியும். கூரான பென்சிலால் அதை நிரப்பிவிட்டால் பிரிண்டில் முகம் வழவழவென்று வரும். இந்தத் தாலுகாவில் பெண் பார்க்கப் போகிற படங்களில் முக்கால்வாசி என் கை பட்டவை.

அது நிலா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய குழிகளை விட்டுவிட்டேன். அவை கண், மூக்கு மாதிரி, இருக்க வேண்டியவை என்று தோன்றியது. வழவழப்பான இடத்தில் ஒற்றையாக ஒரு புள்ளி இருந்தால் என் கை அதுபாட்டுக்குப் போய்விடும். மொத்தம் பதினொன்று அடைத்தேன். எண்ணியதற்குக் காரணம், எண்ணுவது என் பழக்கம்.

இன்னொன்றும் சொல்கிறேன். கோபப்படுவதற்கு முன்னால் யோசியுங்கள். பிலிம் கவரின் மேல் உங்கள் கையெழுத்தில், "புள்ளி, கீறல் எதுவும் இல்லாமல் சுத்தமாகப் போடவும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறீர்கள். நான் சுத்தமாகப் போட்டேன்.

இருந்தாலும் உங்கள் பேர் கெட்டது என்னால்தான். வருத்தமாக இருக்கிறது. டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பென்சில் போய்விடும், குழிகள் அப்படியே திரும்பி வரும். புதுப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். அண்ணனுக்கு எழுத வேண்டாம். என் பெயருக்கே எழுதுங்கள்.

லீலாவதி

---

பெரம்பலூர்,
15-3-1980

லீலாவதி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கத்தினேன். பிறகு சிரித்தேன். அம்மா பயந்துபோய், "நெலாவப் பாத்தா புத்தி பெசகும்னு சொன்னனே, கேட்டியா?" என்று விபூதி எடுக்க ஓடிவிட்டது. கவரில் கோடு போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். தூசியைச் சொன்னேன். நிலாவைச் சொல்லவில்லை.

ஆனால் புதுப் பிரிண்ட் மட்டும் போதாது. நேற்று நடராசன் சாரிடம், "ஸ்டுடியோவுல ஒரு தப்பு நடந்துருச்சுங்க சார், வேற படம் வருது" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்ப பொம்மையில ஒரு ஓட்டையப் போட்டு மறுபடி எடுத்துட்டியா?" என்கிறார். ஆசிரியர் அறையில் இப்போது என் பெயரே பிளாஸ்டர். பதினாறு வருடமாக அந்தச் சோதனைக்கூடத்தைக் கூட்டித் துடைத்து, குடுவை கழுவி, அங்கிருந்த புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். என் சாதிசனத்தில் அந்தச் சாவி கைக்கு வந்த முதல் ஆள். மெமோவுக்கு ஒழுங்கான பதில் இல்லையென்றால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காவலுக்குக் கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அதைவிட, நான் பொய்யன் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

நீங்கள் எனக்கு எழுதியதையே தலைமையாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இன்ன இன்ன புள்ளிகளை நான் நிரப்பினேன், இது எங்கள் தொழில் வழக்கம் என்று. நாலு வரி போதும். உங்கள் அண்ணன் பேரில் அவருக்கு மதிப்பு உண்டு, நம்புவார்.

அங்கமுத்து

---

அரியலூர்,
18-3-1980

ஐயா,

இதோடு துடைத்த நெகட்டிவும் புதுப் பிரிண்டும் இருக்கின்றன. பதினோரு குழிகளும் வந்துவிட்டன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெஸ்ஸல் நடுவில் தனியாக இருக்கிறது.

நாலு வரிதான் கேட்கிறீர்கள். என்னால் முடியாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பீர்கள்.

உங்கள் நடராசன் சாருக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார். அக்கா மகனுக்குப் பெண் தேடுகிறார்கள். மாமன் என்ற முறையில் முடிவு சொல்கிறவர் உங்கள் சார்தான். தையில் இங்கிருந்து ஒரு படம் அவருக்குப் போயிருக்கிறது. அது என் படம்.

எனக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. இடது கன்னத்தில் ஏழு, புருவத்துக்கு மேல் இரண்டு. அண்ணன் படம் எடுத்தார், நான் டெவலப் செய்தேன், நானே உட்கார்ந்து ஒன்பதையும் அடைத்தேன். என் முகத்தையே தலைகீழாக வைத்து வேலை பார்த்தேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை. எனக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு இடம், நேரில் பார்த்துவிட்டு, போய் எழுதுகிறோம் என்று போனவர்கள்தான்.

இந்த முறை அண்ணன் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிறு, பொழுது சாய்ந்து வருகிறார்கள். கூடத்தில் நாற்பது வாட் பல்புதான் எரியும். வலது பக்கம் தெரிகிற மாதிரி நான் தட்டை நீட்ட வேண்டும். இந்த நேரத்தில், குழிகளை அடைப்பது என் வழக்கம் என்று கையெழுத்துப் போட்டு உங்கள் சார் மேசைக்கே அனுப்பினால் அவர் முதலில் எதை எடுத்துப் பார்ப்பார்? உங்கள் நிலாவையா?

மன்னிக்கவும்.

லீலாவதி

---

பெரம்பலூர்,
24-3-1980

லீலாவதி அவர்களுக்கு,

ஐந்து நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

சனிக்கிழமை மறுபடி சப்தமி. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆறரை மணிக்கு நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது, என் தொலைநோக்கி ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே கிடக்கிறது. பள்ளியின் மதில் ஓரமாகவே நடந்தேன். கண்ணாடி தேய்த்த நாளில் டிரம்மைச் சுற்றியவன், இப்போது டிரம் இல்லாமலே சுற்றுகிறேன். வாட்ச்மேன் வைரக்கண்ணு, "என்னண்ணே, எதையாவது தொலச்சுட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் என்னோடு சேர்ந்து தரையில் தேட ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் நிலைமை புரிகிறது. புரிந்து என்ன செய்ய? எழுதுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது. உங்கள் மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிடம் அந்தக் கோபத்தின் மேல் வெட்கம் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்வேன், தவறாக நினைக்க வேண்டாம். நிலாவிலும்தான் குழி இருக்கிறது. அதற்காக யாராவது அதை அழகில்லை என்கிறார்களா?

அங்கமுத்து

---

அரியலூர்,
26-3-1980

ஐயா,

நிலாவை யாரும் பெண் பார்க்க வருவதில்லை. அதன் அண்ணன் பல்பைக் குறைத்து வைப்பதில்லை. இந்த மாதிரி ஆறுதலை இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். சின்ன வயதிலிருந்து இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சொல்லிவிட்டு எல்லோரும் வழவழப்பான பெண்ணைத்தான் கட்டிக்கொண்டார்கள்.

கோபம் வந்தால் நேராகவே கோபப்படுங்கள். கேட்கவும் மாட்டேன், கேட்காமல் விடவும் மாட்டேன் என்று சுற்றினால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது. நேற்று கீழப்பழுவூர்ப் பெண் ஒருத்தியின் படம் வேலைக்கு வந்தது. மோவாயில் ஒரே ஒரு தழும்பு. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து, "என்ன லீலா, தூங்கிட்டியா?" என்கிறார். உடனே அடைத்துக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

என்னால் எழுத முடியாது. இதுதான் பதில். உங்களுக்கு வேறு வழி கிடைக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

லீலாவதி

---

பெரம்பலூர்,
28-3-1980

லீலாவதி அவர்களுக்கு,

வழி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய விளக்கத்தை இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். "படம் பிளாஸ்டர் பொம்மையைக் கொண்டு என்னால் எடுக்கப்பட்டது. ஆர்வக் கோளாறால் செய்துவிட்டேன். மன்னிக்கக் கோருகிறேன்." மூன்று வரிதான், நீங்கள் எழுத வேண்டியிருந்ததைவிட ஒரு வரி குறைவு.

ஸ்டுடியோ என்று வாயைத் திறந்தால், என்ன தப்பு, யார் செய்தது என்று சார் குடைவார். எனக்குப் பொய்யைக் கோர்வையாகச் சொல்ல வராது. ஒத்துக்கொண்டால் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டில் போடுவார்கள், வேலை போகாது. தொலைநோக்கியை உடைத்துப் போட்டாலும் போடட்டும். வெறுத்துப் போயிற்று. தினமும் வானத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு நிற்பதற்கு இது மேல்.

நீங்கள் ஆறாம் தேதி நிம்மதியாக இருங்கள். பதில் வேண்டாம்.

அங்கமுத்து

---

அரியலூர்,
31-3-1980

அங்கமுத்து அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? உங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத தப்பை ஒருவர் எனக்காக ஒத்துக்கொண்டு கேட்டில் உட்காரப் போகிறார், நான் பவுடர் போட்டுக்கொண்டு வலது கன்னத்தைக் காட்ட வேண்டும். உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் கேட்டார்கள் உங்களை?

இன்று காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் வந்தேன். பள்ளியில் உங்களைக் கேட்டேன். தபாலாபீசுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"யாரும்மா நீ?" என்றார்.

"ஜெயங்கொண்டத்துக்குப் பொண்ணு கேட்டு ஒங்ககிட்ட ஒரு போட்டோ இருக்குதுங்களே, அதுல இருக்கறவ நான்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் திருப்பிக்கொள்ளவில்லை. பையிலிருந்து இரண்டு பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று உங்கள் நிலா, நெகட்டிவை உங்களுக்கு அனுப்புமுன் எனக்கென்று போட்டு வைத்த பிரதி. இன்னொன்று நான். இரண்டும் துடைத்த நெகட்டிவில் போட்டவை. கூடவே கையெழுத்துப் போட்ட தாள். அதில் எழுதியது இதுதான்: "அங்கமுத்து கொடுத்த நிலாப் படத்தில் பதினோரு குழிகளை அவருக்குத் தெரியாமல் நான் அடைத்தேன். முகங்களில் செய்து பழகியதால் செய்தேன். என்னுடைய படத்திலும் ஒன்பதை அடைத்து உங்களுக்கு அனுப்பினோம். இரண்டுக்கும் நானே பொறுப்பு. பா. லீலாவதி."

"பொம்மைன்னு அவனே எழுதிக் குடுத்துட்டானேம்மா" என்று உங்கள் காகிதத்தைக் காட்டினார்.

"அது பொய்யிங்க. யாருக்காக எழுதுனாருன்னு எனக்குத் தெரியும்."

அவர் இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "சரி, போயிட்டு வாம்மா" என்றார். நான் வாசலைத் தாண்டுகிறபோது உங்கள் காகிதத்தை இரண்டாகக் கிழிக்கிற சத்தம் கேட்டது. என் காகிதத்தை என்ன செய்தார் என்று தெரியாது.

அண்ணனிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

லீலாவதி

---

பெரம்பலூர்,
22-4-1980

லீலாவதி அவர்களுக்கு,

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் பயம்தான். எனக்கு நடந்த நல்லதை எழுதினால் உங்களுக்கு நடந்த கெட்டதைக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம். அன்று தபாலாபீசிலிருந்து திரும்பியபோது, பஸ் நிறுத்தத்தில் பச்சைச் சேலையில் ஒருவர் நின்றதைப் பார்த்தேன். அது நீங்களாகத்தான் இருக்கும், அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன பேசியிருப்பேனோ.

மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். சாவி என்னிடம்தான். தொலைநோக்கி கொல்லைக்கு வந்துவிட்டது. நேற்று சப்தமி, சாயங்காலம் நடராசன் சாரே சைக்கிளில் வந்தார். பெஸ்ஸலை வைத்துக் காட்டினேன். "இந்த ஒத்தக் குழியா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணை எடுக்கவே இல்லை. நிலா இரண்டு தடவை நகர்ந்து வெளியே போய், நான் இரண்டு தடவை திருப்பி வைத்தேன். போகும்போது, "தப்பு எம்மேலன்னு எழுத்துல குடுக்க மாட்டேன்டா" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். எனக்குப் போதும்.

ஆசிரியர் அறையில் இன்னமும் பிளாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் காரணம் மறந்துபோய்விட்டது.

ஆறாம் தேதி என்ன ஆயிற்று? சார் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஒரு வரி எழுதுங்கள். நேற்று எடுத்த பிலிமை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறீர்களா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அங்கமுத்து

---

அரியலூர்,
25-4-1980

அங்கமுத்து அவர்களுக்கு,

ஆறாம் தேதி அவர்கள் வந்தார்கள். நான் நடந்ததைச் சொல்லியிருந்ததால் அண்ணனே எதிர்பார்க்கவில்லை. உங்கள் சார் படத்தையும் தாளையும் அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் போய் டியூப்லைட்டைப் போட்டேன். அண்ணன் பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இருந்துட்டுப் போவுது. உள்ளதச் சொன்ன பொண்ணு, எங்களுக்குச் சம்மதந்தான்" என்றார். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். அப்புறம் அந்த அம்மா, "கல்யாணப் படத்துல மட்டும் எப்பவும் போல சரி பண்ணிப்புடுங்க. நாளப்பின்ன வூட்டுக்கு நாலு பேரு வந்தா அதத்தானே பாப்பாங்க" என்றார். அண்ணன், "அதுக்கென்னங்க, எந்தங்கச்சியே பண்ணிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் சார் மட்டும் சிரிக்கவில்லை.

"மாட்டேங்க" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை போல. "என்னம்மா?" என்றார்.

"மத்தவங்க கேட்டா செஞ்சு குடுப்பேங்க. எம்மொவத்த இனிமே நான் அழிக்க மாட்டேங்க. வேற யாரையும் அழிக்கவும் வுட மாட்டேன்."

அத்தோடு முடிந்தது. அவர்கள் எழுந்து போனார்கள், சண்டை எதுவும் இல்லை. அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, நெகட்டிவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் இரண்டு நாள் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் இந்நேரம் பத்திரிகை அடித்திருப்பார்கள். இனி ஒரு இடம் வருமா என்று பயமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அதையே இன்னொரு தடவை கேட்டாலும் அதேதான் சொல்வேன். அது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உங்கள் பிலிமை நேற்று கழுவினேன். மூன்றாவது படம் நன்றாக வந்திருக்கிறது. பெஸ்ஸலுக்குக் கிழக்கே, முன்பு தெரியாத இன்னும் இரண்டு சின்னக் குழிகள் தெரிகின்றன. பெரிய பிரிண்ட் போட்டு இதோடு அனுப்புகிறேன். எங்கள் கடையில் படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை குத்துவது வழக்கம். இதில் குத்தவில்லை. மையால், "எடுத்தவர்: அங்கமுத்து, பெரம்பலூர். பிரிண்ட் போட்டவர்: லீலாவதி, அரியலூர்" என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை.

லீலாவதி